9 நாள், 4 ஊர், ஒரு குட்டிப்பயல்: இந்தத் திட்டத்தைக் கொஞ்சம் கிழித்துக் கொடுங்கள்

தூக்கம் தொலைத்தவள்
எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன், இன்றுதான் எழுதுகிறேன்.

பையனுக்கு 22 மாதமும் சில நாளும். இன்னும் 7 வாரத்தில் குடும்பத்தோடு முதல் பெரிய பயணம். நாங்கள் இருவர், மாமியார், மாமனார், அவன். வீட்டுக்காரர் எக்ஸெல்லில் கலர் கலராக அட்டவணை போட்டு வைத்திருக்கிறார். 9 நாளில் 4 ஊர். போக 6 மணி நேர விமானம், இறங்கியதும் 3 மணி நேரம் கார். அங்கே கடிகாரம் நமக்கு 3 மணி நேரம் முன்னால் ஓடும். நடுவில் கடற்கரை, கடைசி இரண்டு நாள் 2,800 மீட்டர் உயரத்தில் ஒரு மலை ஊர். 5ஆம் நாள் பையனின் பிறந்தநாள், அதைக் கடற்கரையில் கொண்டாடுவதாக ஏற்பாடு.

அட்டவணையில் எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. அவன் மதியம் தூங்குவதற்கு மட்டும் இல்லை. வாயைத் திறந்து சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, நீங்கள் சொல்லுங்கள்.

மூன்றுக்கு அப்பா
தங்கச்சி, உங்க வீட்டுக்காரரைப் பார்த்தா எனக்கு என்னையே பார்த்த மாதிரி இருக்கு. முதல் குழந்தைக்கு நானும் இப்படித்தான் கலர் அடிச்சேன்.

கணக்குப் போடுவோம். 9 நாள்ல போற நாள், வர்ற நாள் ரெண்டும் போச்சு. மிச்சம் 7. நாலு ஊர்னா நடுவுல மூணு தடவை மூட்டை கட்டணும். ஒவ்வொரு தடவையும் அறையைக் காலி பண்ணி, வண்டி ஏறி, புது அறைச் சாவி வாங்கி, பயலுக்குப் புது இடம் பழகுறதுக்குள்ள குறைஞ்சது அரை நாள் ஓடிடும். அதுல ஒண்ணரை நாள் காலி. இப்ப கையில இருக்கிறது அஞ்சரை நாள். அதுல பாதி நேரம் அவன் தூங்கணும், இல்ல சாப்பிடணும், இல்ல தரையில உருளணும். மீதியிலதான் உங்க ஊர் சுத்தல்.

ரெண்டு ஊரை வெட்டுங்க. ஒரு நாளைக்கு ஒரு வேலை, அதுவும் காலையில. சாயங்காலம் ஏதாவது நடந்தா அது போனஸ்.

மேகத்தில் 11 வருடம்
விமானத்தில் பணிப்பெண்ணாக இருந்தவள் நான். அட்டவணையை விட அவசரமான ஒன்று உங்கள் பதிவிலேயே ஒளிந்திருக்கிறது. யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

போகும் நாளில் பையனுக்கு 2 வயது ஆகவில்லை. வரும் நாளில் ஆகிவிட்டது. பெரும்பாலான விமான நிறுவனங்களில் 2 வயது முடியாத குழந்தைதான் மடியில் வரலாம். கணக்கு டிக்கெட் எடுத்த தேதிக்கு இல்லை, பறக்கும் தேதிக்கு. ஆகவே திரும்பும் விமானத்தில் அவனுக்குக் குழந்தைக் கட்டணத்தில் தனி இருக்கை வேண்டியிருக்கும். இருவழிக்கும் மடிக்குழந்தை என்று போட்டிருந்தால் இன்றே நிறுவனத்தைக் கூப்பிட்டுக் கேளுங்கள். சில நிறுவனங்களில் முன்பதிவைப் பிரித்துப் போட வேண்டிவரும். கவுன்ட்டரில் போய் நிற்கும்போது இது தெரியவந்தால் அழுகை மட்டும்தான் மிச்சம். அப்படி அழுத அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன்.

என்னைக் கேட்டால் போகும்போதும் தனி இருக்கை எடுங்கள். மடியில் வருவதற்கு அனுமதி உண்டுதான். ஆனால் திடீரென்று விமானம் குலுங்கினால் பதினொரு கிலோ குழந்தையைக் கையால் பிடித்து நிறுத்த யாராலும் முடியாது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமே குழந்தைக்குத் தனி இருக்கையும், அதில் வைத்துப் பெல்ட் போட்டு உட்கார வைக்கும் அனுமதி பெற்ற குழந்தைக் கார் சீட்டும்தான் பத்திரம் என்று சொல்கிறது. நம்முடைய கார் சீட் விமானத்துக்கு அனுமதி பெற்றதா என்பது அதன் மேல் ஒட்டிய லேபிளிலேயே இருக்கும்.

மடியில்தான் என்று முடிவெடுத்தால் இன்னொன்று. ஒவ்வொரு வரிசையிலும் ஆக்ஸிஜன் முகமூடி இருக்கைகளை விட ஒன்றோ இரண்டோதான் கூடுதலாக இருக்கும். அதனால்தான் ஒரே பக்கத்தில் இரண்டு மடிக்குழந்தைகளை உட்கார விடமாட்டார்கள். இடம் மாறச் சொன்னால் கோபப்படாதீர்கள். முகமூடி கீழே விழுந்தால் முதலில் உங்களுக்கு, பிறகு அவனுக்கு. 35,000 அடியில் காற்றழுத்தம் போய்விட்டால் தெளிவாக யோசிக்க உங்களுக்குக் கிடைப்பது 30 முதல் 60 நொடிதான். எத்தனை அம்மாக்கள் தலையை ஆட்டிவிட்டு, "முடியாது, என் பிள்ளைக்குத்தான் முதலில்" என்று சொல்வார்கள் தெரியுமா?

தூக்கம் தொலைத்தவள்
ஐயோ அக்கா! இருவழிக்கும் மடிக்குழந்தை என்றுதான் போட்டிருக்கிறார். இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். ஃபோனில் காத்திருக்கிறோம், வரிசையில் 14ஆவது ஆளாம்.

காது வலிக்கும் என்கிறார்களே, அதற்கு என்ன செய்வது?

மேகத்தில் 11 வருடம்
ஏறும்போதை விட இறங்கும்போதுதான் காது அடைக்கும். நடுக்காதிலிருந்து தொண்டைக்கு வரும் குழாய் குழந்தைகளுக்குக் குறுகலானது, படுக்கைவாட்டில் இருப்பது. வெளியே அழுத்தம் கூடும்போது அது எளிதில் திறக்காது. விழுங்கினால் திறக்கும். எனவே தண்ணீரோ பாலோ கொடுங்கள். ஆனால் சக்கரம் தரையைத் தொடும்போது கொடுத்தால் தாமதம். இறக்கம் அரை மணி நேரம் முன்பே தொடங்கிவிடும். காதில் அழுத்தம் மாறுவது உங்களுக்குத் தெரிந்ததுமே கொடுக்கத் தொடங்குங்கள். அழுதாலும் பரவாயில்லை, அழும்போதும் விழுங்குகிறான். காதில் சீழ் இருந்தாலோ கடுமையான சளி இருந்தாலோ கிளம்பும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள்.

குயில்முட்டை
கோபித்துக்கொள்ளாதீர்கள், ஒரு சந்தேகம். 2 வயதில் பார்த்தது எதுவும் நினைவில் நிற்காது. பெரியவர்கள் பலருக்கும் முதல் நினைவே மூன்று, மூன்றரை வயதில்தான் தொடங்குகிறது. இவ்வளவு செலவு, இவ்வளவு பாடு, யாருக்காக? ஐந்து வயதானதும் போனால் என்ன?

மூன்றுக்கு அப்பா
உங்களுக்கு 2 வயசுல யாரு சோறு ஊட்டினாங்கன்னு நினைவிருக்கா? அப்ப சாப்பிட்டது வீணாவா போச்சு?

குயில்முட்டை
வாயை அடைத்துவிட்டீர்கள். இருந்தாலும் ஒப்புக்கொள்ளுங்கள், பயணம் பெற்றோருக்காகத்தான்.

நாடோடிச் சித்தி
ஆமாம், பெற்றோருக்காகத்தான். தாத்தா பாட்டிக்காகவும்தான். அதில் என்ன குற்றம்? அதை ஒப்புக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். "குழந்தைக்காக" என்று சொல்லி அவனை மூன்று அருங்காட்சியகத்துக்கு இழுத்துக்கொண்டு போவதுதான் தப்பு. அவனுக்கு வேண்டியது மணல், தண்ணீர், படிக்கட்டு, நாய். இது எந்த ஊரிலும் கிடைக்கும்.

சித்திரக்குள்ளன்
6 மணி நேர விமானம்தானே? சளி மருந்து சிரப் ஒரு மூடி கொடுத்தால் தூங்கிக்கொண்டே வந்துவிடுவான். எங்கள் பக்கத்து வீட்டில் அப்படித்தான் செய்தார்கள்.

மாத்திரை எண்ணுபவள்
தம்பி, தயவுசெய்து அந்த யோசனையை இங்கேயே நிறுத்துங்கள். மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்.

தூக்கம் வரவழைக்கும் சளி மருந்துகள் சில குழந்தைகளுக்கு நேர் எதிராக வேலை செய்யும். தூங்குவதற்குப் பதில் வெறி பிடித்தது போல ஆடுவார்கள். அது நடுவானில் நடந்தால் யோசித்துப் பாருங்கள். அதை விட மோசமானது மூச்சு மந்தமாவது. அந்த வகை மருந்தான ப்ரோமெத்தசினை 2 வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் கடும் எச்சரிக்கை போட்டது. அந்தப் பெயர் உங்கள் வீட்டு அலமாரி பாட்டிலிலேயே இருக்கலாம், எடுத்துப் பாருங்கள்.

பாராசிட்டமால் எடுத்துப் போங்கள், காய்ச்சலுக்கு மட்டும். ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் ஒரு வேளைக்கு. ஆனால் மில்லிகிராம் வேறு, மில்லி வேறு. ஒரு பாட்டிலில் 5 மில்லியில் 120 மில்லிகிராம் இருக்கும், இன்னொன்றில் 250 இருக்கும். போன ஊரில் வேறு பாட்டில் வாங்கி, வீட்டில் கொடுத்த அதே அளவை ஊற்றினால் இரட்டிப்பாகிவிடும். ஆகவே பழகிய பாட்டிலையும் அதன் அளவுக் குழலையும் கைப்பையில் வையுங்கள். பெட்டிக்குள் போட்டு அனுப்பாதீர்கள், பெட்டி வேறு ஊருக்குப் போய்விடுவதும் உண்டு.

உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் நாலு. வயிற்றுப்போக்கு என்றால் 2 வயதுக்குள் ஒவ்வொரு முறை போனதும் 50 முதல் 100 மில்லி, 2 வயதுக்கு மேல் 100 முதல் 200. பாக்கெட் தீர்ந்துபோனால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டி 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து மீண்டும். கண் குழிந்து, சிறுநீர் குறைந்து, துவண்டு கிடந்தால் அது கரண்டி வேலை இல்லை, மருத்துவமனை வேலை.

தடுப்பூசி அட்டையை இப்போதே எடுத்துப் பாருங்கள். ஊசி வேலை செய்ய நாளாகும், அதனால்தான் பயணத்துக்கு 4 முதல் 6 வாரம் முன்பே மருத்துவரைப் பார்க்கச் சொல்வார்கள். உங்களிடம் 7 வாரம் இருக்கிறது.

சித்திரக்குள்ளன்
மன்னிக்கவும் அக்கா. பாட்டிலைப் பார்த்தேன். அதே பெயர்தான். கொட்டிவிட்டேன்.

சுவர்க்கடிகாரம்
தூக்கத்தைப் பற்றி யாரும் உருப்படியாகப் பேசவில்லை. 1 முதல் 2 வயதுக் குழந்தைக்கு ஒரு நாளில் 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும், மதியத் தூக்கமும் சேர்த்து. அதில் கை வைத்தால் மாலை 5 மணிக்கு நீங்கள் யாருக்காகவோ பழிவாங்கப்படுவீர்கள். மதியம் 12.30க்கு அறைக்குத் திரும்பிவிடுவது எங்கள் வீட்டுச் சட்டம். எந்த ஊராக இருந்தாலும்.

நாடோடிச் சித்தி
அந்தச் சட்டத்தால்தான் நீங்கள் பாதி ஊரைப் பார்க்காமல் வந்தீர்கள் 🙂 என் இரண்டும் தள்ளுவண்டியில், தோள்பையில், பஸ்ஸில் என்று எங்கும் தூங்கிப் பழகியவை. 12.30க்கு இருட்டறை என்று பழக்கிவிட்டால் அறை இல்லாத நாளில் என்ன செய்வீர்கள்?

சுவர்க்கடிகாரம்
உங்களுடையவை தூங்கின. என்னுடையது தள்ளுவண்டியில் தலைகீழாகத் தொங்கியபடி மக்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். குழந்தை வேறு, சட்டம் வேறு.

மூன்றுக்கு அப்பா
ரெண்டு பேரும் சரி. என் மூணுல ஒண்ணு சுவர்க்கடிகாரம், ஒண்ணு நாடோடி, ஒண்ணு எதுலயும் சேராது. தங்கச்சி, இந்த 7 வாரத்துல ரெண்டு மூணு மதியம் வெளியில தள்ளுவண்டியில தூங்குறானான்னு பாத்துடுங்க. அங்க போய் கண்டுபிடிக்க வேணாம்.

நெறியாளர்
தூக்கச் சண்டைக்குத் தனி இழை இருக்கிறது. அங்கே நானூறு பதிவு ஆகிவிட்டது, இதையும் அந்தக் கதி ஆக்காதீர்கள்.

தூக்கம் தொலைத்தவள்
டிக்கெட் சரியாகிவிட்டது! இரண்டு பக்கமும் தனி இருக்கை. வீட்டுக்காரர் அந்த 14ஆவது இடத்திலிருந்து நகர்ந்து பேசி முடிக்க ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்றரை மணி நேரத்தில் இந்த இழையைப் படிக்க வைத்துவிட்டேன் 😄

அடுத்தது கார். 3 மணி நேரம். "நாங்கல்லாம் மடியில வெச்சுத்தான் வளர்த்தோம், சீட்டில கட்டிப்போட்டா பிள்ளை ஏங்கிப் போயிடும்" என்கிறார் மாமியார். அவர் சொல்வதை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை.

மேகத்தில் 11 வருடம்
எதிர்த்துப் பேசாதீர்கள், கணக்கைச் சொல்லுங்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதி நின்றால் உள்ளே இருப்பவர் மேல் விழும் விசை அவருடைய எடையைப் போல இருபது முப்பது மடங்கு. 11 கிலோ பேரன் அந்த நொடியில் 200, 300 கிலோ ஆகிவிடுவான். அத்தையின் கைகள் எவ்வளவு பாசமானவையாக இருந்தாலும் அதைத் தாங்காது. அவர் பெல்ட் போடாமல் இருந்தால் அவர் உடலும் அவன் மேலேயே வந்து விழும்.

சீட் கேட்கும்போது பின்பக்கம் பார்த்து வைக்கும் வகையா என்று கேளுங்கள். சீட்டில் எழுதிய எடை, உயர எல்லை வரைக்கும் அப்படியே உட்கார வைப்பதுதான் நல்லது, ஏனென்றால் இந்த வயதில் தலை கனம், கழுத்து இளசு. ஏர்பேக் உள்ள முன் இருக்கையில் அதை வைக்கவே கூடாது. வாடகைக்கு எடுப்பதானால் அது மோதலில் சிக்கியதா என்று உங்களுக்குத் தெரியாது, முடிந்தால் சொந்தமானதையே எடுத்துப் போங்கள். பெரும்பாலும் விமானத்தில் அதற்குத் தனியாகக் கட்டணம் கேட்பதில்லை.

நாடோடிச் சித்தி
மாமியாருக்கு ஒரு வேலை கொடுங்கள். பின் சீட்டில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வது, கதை சொல்வது. "நீங்க இல்லாம அவன் உக்காரமாட்டான் அத்தை" என்று ஒரு வார்த்தை. மடி போனாலும் மரியாதை போகாது. 3 மணி நேரத்தை ஒரே மூச்சில் ஓட்டாதீர்கள், நடுவில் இறக்கி ஓட விடுங்கள். ஃபோனைக் கையில் கொடுக்காதீர்கள், கண் கீழே, வண்டி வளைந்து வளைந்து போனால் வாந்திதான். 2 வயதுக்கு முன் அது அபூர்வம், அதன்பிறகு பிடித்துக்கொள்ளும். உங்கள் பயல் சரியாக அந்த எல்லைக்கோட்டில் நிற்கிறான் பாருங்கள்.

மூன்றுக்கு அப்பா
வண்டியை நிறுத்தி "ரெண்டே நிமிஷம்"னு தூங்குற பிள்ளையை உள்ள விட்டுட்டு இறங்காதீங்க. மூடின வண்டிக்குள்ள 20 நிமிஷத்துல 10 டிகிரிக்கு மேல ஏறும், ஜன்னலை இடுக்கு விட்டாலும் பெரிசா மாறாது. பெரியவங்க நாலு பேரு இருக்கிற வண்டியிலதான் "அவங்க தூக்கியிருப்பாங்க"ன்னு ஒவ்வொருத்தரும் நினைப்பாங்க. இறங்குறப்ப பேரைச் சொல்லிக் கேளுங்க, யார் கையில பிள்ளைன்னு.

மாத்திரை எண்ணுபவள்
மலை ஊரைப் பற்றி. 2,800 மீட்டர் என்பது சாதாரணமில்லை. சுமார் 2,500க்கு மேல் போனால் பெரியவர்களுக்கே தலைவலி, குமட்டல் வரும். பெரியவர் "தலை வலிக்கிறது" என்று சொல்வார். 2 வயதுக் குழந்தை எப்படிச் சொல்லும்? அழும், சாப்பிடாது, விளையாடாது, தூங்காது. இதெல்லாம் சாதாரண நாளிலேயே செய்வதுதான், அதனால் பெற்றோர் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். கடற்கரையிலிருந்து அதே நாளில் மேலே ஏறுவது அவனுக்கு மட்டுமில்லை, உங்கள் மாமனார் மாமியாருக்கும் கஷ்டம். போவதாக இருந்தால் நடுவில் ஒரு உயரத்தில் ஓரிரு இரவு தங்கி ஏற வேண்டும். 9 நாளில் அதற்கு இடமில்லை. என் வாக்கு: மலையை வெட்டுங்கள்.

தூக்கம் தொலைத்தவள்
மலை போச்சு. வீட்டுக்காரர் அந்தக் கட்டத்தைச் சாம்பல் நிறமாக்கிவிட்டார், அழிக்க மனமில்லை. இன்னொரு ஊரும் போச்சு. இப்போது கடற்கரை 5 இரவு, நகரம் 3 இரவு.

அறையில் என்ன பார்க்க வேண்டும்?

சுவர்க்கடிகாரம்
உள்ளே நுழைந்ததும் பெட்டியைத் திறக்காதீர்கள். ஒருவர் அவனைத் தூக்கிக்கொள்ளட்டும், இன்னொருவர் முட்டிபோட்டு அவன் உயரத்தில் அறையைச் சுற்றி வாருங்கள். கெட்டிலின் தொங்கும் வயர், ஜன்னல் திரையின் கயிறு, முந்தைய ஆள் விட்டுப்போன மாத்திரை, பால்கனிக் கதவு. பால்கனியில் நாற்காலி இருந்தால் உள்ளே இழுத்துவிடுங்கள், அது அவனுக்கு ஏணி. குளியலறைக் குழாயில் சூடான தண்ணீர் எவ்வளவு சூடாக வருகிறது என்று உங்கள் கையில் பாருங்கள்.

கடற்கரை என்பதால் ஒன்று. நீரில் மூழ்கும் குழந்தை கத்தாது, கையை ஆட்டாது. சத்தமே இல்லாமல் நடந்துவிடும். கையில் மாட்டும் காற்றுப்பை பொம்மைதான், காவல் இல்லை. தண்ணீர் அருகே இருக்கும்போது கை நீட்டினால் எட்டும் தூரத்தில் ஒருவர், அந்த ஒருவர் யார் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு.

நாடோடிச் சித்தி
தினமும் காலையில் கிளம்பும் முன் அவனை ஒரு ஃபோட்டோ எடுங்கள். தொலைந்துவிட்டால் "நீல சட்டையா, பச்சையா?" என்று நீங்களே குழம்புவீர்கள். கையில் பேனாவால் உங்கள் ஃபோன் எண்.

தூக்கம் தொலைத்தவள் (9 வாரம் கழித்து)
வந்துவிட்டோம். உங்களுக்குக் கணக்கு ஒப்பிக்காமல் இருக்க முடியாது.

போகும் விமானம் நன்றாகவே போனது. இறக்கத்தில் பால் கொடுத்தேன், கொஞ்சம் சிணுங்கினான், அவ்வளவுதான். தனி இருக்கையில் கார் சீட்டைக் கட்டியதும் வீட்டுக் காரில் உட்கார்ந்த மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தான். அந்தக் காசு வீணில்லை. முதல் மூன்று இரவு மட்டும் 11 மணி வரைக்கும் கட்டிலில் குதித்தான், அவன் உடம்புக்கு அப்போது மணி 8தானே.

3ஆம் நாள் காய்ச்சல், 38.6. பழைய பாட்டில், பழைய குழல், பயமில்லாமல் கொடுத்தோம். ஒன்றரை நாள் அறையிலேயே. பழைய அட்டவணையாக இருந்தால் அன்று காரில் இருந்திருப்போம், காய்ச்சலோடு. மாமனார் அந்த ஒன்றரை நாளும் பால்கனிக் கதவுக்கு முதுகைக் கொடுத்துக் காவல் உட்கார்ந்திருந்தார், யாரும் சொல்லவில்லை.

பிறந்தநாளன்று கடலைப் பார்த்ததும் அலறி என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். மணலும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். அவனுக்குப் பிடித்தது ஹோட்டல் லிஃப்ட். பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது, கதவு திறக்கிறது, ஆட்கள் வருகிறார்கள். மாமியாரும் அவனும் 40 நிமிடம் மேலும் கீழும் போய்வந்தார்கள். நகரத்தில் நாங்கள் பார்த்தது மொத்தம் இரண்டு இடம். மூன்றாவதுக்குப் போன நாளில் வாசலிலேயே தூங்கிவிட்டான், உள்ளே போகாமல் படிக்கட்டில் உட்கார்ந்து நாங்கள் நால்வரும் பேசிக்கொண்டிருந்தோம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் மாமனார் தன் சின்ன வயதுக் கதையைச் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

இப்போது ஒரே பிரச்சினை. திரும்பி வந்து 4 நாள் ஆகிறது, அதிகாலை 3.40க்கு எழுந்து உட்கார்ந்து "லிஃப்ட், லிஃப்ட்" என்கிறான். மணி இப்போது 4.05. எத்தனை நாள் இது?

மூன்றுக்கு அப்பா
ஒரு மணி நேர வித்தியாசத்துக்குச் சராசரியா ஒரு நாள்னு சொல்வாங்க, அப்ப முடியப்போற நேரம்தான். முழிச்சதும் விளக்கைப் போடாதீங்க, விளையாட்டுச் சாமான் எடுக்காதீங்க, இருட்டுலயே பக்கத்துல படுங்க. பகல்ல, முக்கியமா சாயங்காலம், நல்லா வெளிச்சத்துல விடுங்க. ராத்திரி படுக்கிற நேரத்தைத் தினம் கொஞ்சம் கொஞ்சமா தள்ளுங்க.

நானும் முழிச்சுதான் இருக்கேன். எதுலயும் சேராதது இங்க எழுந்து உக்காந்திருக்கு. நாங்க எங்கயும் போகவே இல்ல.